கணினிக்கும் ஒரு வருகைப் பதிவு வேண்டும்

 

போன பதிவில் முருங்கைக்கீரையைப் பற்றி எழுதினேன். இன்று கணினியைப் பற்றி எழுதப்போகிறேன். "டீச்சருக்கு எதுக்கு இந்த வேலை?" என்று சிலர் சிரிப்பது இங்கே வரை கேட்கிறது. சிரித்துவிட்டுப் படியுங்கள். பதிவு கொஞ்சம் நீளம்.

வகுப்பில் தலைப்பைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத்தான் பாடம் தொடங்குவேன் என்பது உங்களுக்குத் தெரியும். அதேபோல் சொல்ல வருவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணினியில் ஓர் இடத்தில் என்னென்ன இருக்கிறது என்பதை, படங்களைப் பார்த்து அல்ல, எழுத்தால் கட்டளை கொடுத்துக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் கற்றுத்தர வேண்டும். கணினி வகுப்பின் முதல் பாடம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். பெயிண்டில் வீடும் தென்னை மரமும் வரைவதெல்லாம் அதற்குப் பிறகு.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு எனக்கு நடந்ததைக் கேளுங்கள்.

என்னிடம் 16 ஜிபி பென் டிரைவ் ஒன்று இருக்கிறது. நான் வேலை பார்த்த காலத்து ஆண்டு விழாப் படங்கள், உங்களில் பலர் பல்லில்லாமல் சிரிக்கும் வகுப்புப் படங்கள், பென்ஷன் தாள்கள் எல்லாம் அதில்தான். எல்லாவற்றையும்விட முக்கியமாக எங்கள் வீட்டுக்காரர் குரல் இருக்கிறது. அவர் தபால் துறையில் இருந்தவர் என்று உங்களுக்குத் தெரியும். 2018-ல் என் பேத்தி பள்ளிக்கூடப் பாடத்துக்காக அவரை உட்காரவைத்து, கடிதங்களை எப்படிப் பிரிப்பார்கள் என்று கேட்டு போனில் பதிவு செய்தாள். நாற்பது நிமிடம். நடுவில் நான் காபி கொண்டுவந்து வைப்பதும், "சீனி போட்டியா?" என்று அவர் கேட்பதும்கூட அதில் இருக்கிறது. 2020-ல் அவர் போய்விட்டார். அந்தக் குரல் வேறு எங்கும் இல்லை. பேத்தியின் அந்தப் பழைய போனும் எப்போதோ கெட்டுப்போய்விட்டது.

போன மாசி மாதம் ஒரு பென்ஷன் தாளை அச்செடுக்க, ஒரு ஜெராக்ஸ் கடைக் கணினியில் அந்தப் பென் டிரைவைப் போட்டேன். வீட்டுக்கு வந்து பேரனுடைய பழைய லேப்டாப்பில் போட்டால், ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிக் கிடந்தன. எதைத் தொட்டாலும் ஒழுங்காகத் திறக்கவில்லை. டவுனில் கணினி பழுது பார்க்கும் ஒரு கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். அங்கிருந்த தம்பி வைரஸ் எதிர்ப்பு மென்பொருளை ஓட்டினார். ஓட்டி முடித்ததும் பென் டிரைவைத் திறந்து காட்டினார். உள்ளே ஒன்றுமே இல்லை. வெள்ளை வெளேர் என்றிருந்தது.

"வைரஸ் எல்லாத்தையும் தின்னுருச்சும்மா. ஃபார்மட் பண்ணித் தர்றேன், பென் டிரைவாவது மிஞ்சும்" என்றார்.

அந்தத் தம்பி பொய் சொல்லவில்லை. கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார். நானும் பார்த்தேன், ஒன்றுமில்லைதான். 'சரி, பண்ணுப்பா' என்று சொல்ல வாயெடுத்தேன். அழுகை வந்துவிட்டதால் சொல்ல முடியவில்லை. "நாளைக்கு வர்றேன்" என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்த அழுகைதான் என்னைக் காப்பாற்றியது.

இரவு பெங்களூரில் இருக்கும் ஒரு மாணவனுக்குப் போன் செய்தேன். 1996-ல் என்னிடம் நான்காம் வகுப்பு படித்தவன். பெயரைப் போடக்கூடாது என்று சொல்லிவிட்டான்.

"டீச்சர், ஃபார்மட் மட்டும் பண்ணிறாதீங்க. பென் டிரைவ் மேல ரைட் கிளிக் பண்ணி பிராப்பர்டீஸ் பாருங்க. எவ்வளவு இடம் செலவாகியிருக்குன்னு போட்டிருக்கு?"

"பதினோரு ஜிபிடா."

"காலிப் பானை இவ்வளவு கனக்குமா டீச்சர்?"

எனக்கு மூச்சே வந்தது.

பிறகு கமாண்ட் பிராம்ப்ட் என்னும் கறுப்புத் திரையைத் திறக்கவைத்தான். எங்கள் பென் டிரைவுக்குக் கணினி கொடுத்திருந்த எழுத்து ஜி. அந்த எழுத்தையும் ஒரு முக்காற்புள்ளியையும் அடித்து என்டர் தட்டினேன். அடுத்து, டைரக்டரி என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்தை மட்டும் அடிக்கச் சொன்னான். டிஐஆர். என்டர். 'ஃபைல் நாட் ஃபவுண்ட்' என்று வந்தது. மறுபடி எனக்கு வயிற்றைக் கலக்கியது.

"பயப்படாதீங்க டீச்சர். அதே மூணு எழுத்து, ஒரு இடைவெளி, ஒரு சாய்கோடு, பிறகு ஆங்கில முதல் எழுத்து ஏ. என்டர்."

அடித்தேன். திரையில் வரிவரியாக ஓடியது. தேதி, நேரம், ஃபோல்டரா ஃபைலா, எத்தனை பைட், பெயர் என்று பதிவேட்டில் பத்தி பிரித்த மாதிரி வந்தது. கடைசியில் இருந்து மூன்றாவது வரியில், பேத்தி வைத்த பெயர்: 'தாத்தா வாய்ஸ்'.

எல்லாம் இருந்தன. ஒன்றுகூடப் போகவில்லை.

நடந்தது என்ன என்று அவன் விளக்கினான். இந்த வகை வைரஸ் ஃபைல்களைத் தின்பதில்லை. ஒவ்வொரு ஃபோல்டருக்கும் 'மறைந்தது' என்று ஓர் அடையாளமும், 'கணினியின் சொந்தப் பொருள்' என்று இன்னோர் அடையாளமும் போட்டுவிடுகிறது. அதே பெயரில் பொய்யான ஷார்ட்கட்டை முன்னால் வைக்கிறது. கடைத் தம்பியின் மென்பொருள் அந்தப் பொய் ஷார்ட்கட்டுகளைத் துடைத்தது, அது சரிதான். ஆனால் மறைத்து வைக்கப்பட்டவை மறைந்தே இருந்தன. டிஐஆர் என்று மட்டும் கேட்டால் கணினி அந்த இரண்டு அடையாளம் உள்ளவற்றை விட்டுவிட்டு மற்றதைச் சொல்லும். சாய்கோடும் ஏ எழுத்தும் சேர்த்தால், 'எந்த அடையாளம் இருந்தாலும் பரவாயில்லை, எல்லாவற்றையும் சொல்' என்று அர்த்தம்.

அடையாளத்தை நீக்கும் கட்டளை வேறு. அட்ரிப்யூட் என்ற சொல்லின் முதல் ஆறு எழுத்து. 'மறைந்தது' என்ற அடையாளத்தை மட்டும் நீக்கப் பார்த்தேன், கணினி மறுத்துவிட்டது. இரண்டு அடையாளத்தையும் ஒரே வரியில் சேர்த்து நீக்கச் சொன்ன பிறகுதான் ஒப்புக்கொண்டது. இதைப் பென் டிரைவில் மட்டும்தான் செய்ய வேண்டும், கணினியின் சி டிரைவில் கை வைக்கவே கூடாது என்று மூன்று முறை சொன்னான். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

அன்றிரவு அந்த நாற்பது நிமிடத்தையும் முழுக்கக் கேட்டேன். "சீனி போட்டியா?" என்ற இடத்தில் நிறுத்தி மறுபடி கேட்டேன்.

மறுநாள் முழுக்க ஒரே யோசனை. முப்பத்து நான்கு ஆண்டுகள் வருகைப் பதிவேடு எடுத்தவள் நான். வகுப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு 'எல்லோரும் வந்திருக்கிறார்கள்' என்று எழுதும் ஆசிரியர் நல்ல ஆசிரியர் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். 'உள்ளேன் டீச்சர்' என்று குரல் வர வேண்டும். தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவன் கண்ணுக்குத் தெரியமாட்டான், ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் குரல் கொடுப்பான். கணினியில் அந்தக் கூப்பிடுதல்தான் டிஐஆர். மவுஸால் ஃபோல்டரைத் திறந்து பார்ப்பது கண்ணோட்டம் மட்டுமே. எதைக் காட்டலாம், எதைக் காட்ட வேண்டாம் என்று வேறு யாரோ முன்பே முடிவு செய்து வைத்ததைத்தான் அது காட்டுகிறது.

இந்தக் கட்டளை எப்போது வந்தது என்று படித்துப் பார்த்தேன். ஓய்வு பெற்றவளுக்கு வேறென்ன வேலை? 1981-ல் வெளிவந்த எம்எஸ்-டாஸிலேயே டிஐஆர் இருந்தது. அதற்கும் முன்னால் சிபிஎம் என்ற இயங்குதளத்திலும் இருந்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் உருவாக்கிய யூனிக்ஸில் இதே வேலைக்கு இரண்டே எழுத்து: எல்எஸ். லிஸ்ட் என்ற சொல்லின் முதல் எழுத்தும் மூன்றாம் எழுத்தும். 1971-ல் வந்த யூனிக்ஸின் முதல் கையேட்டிலேயே அது இருக்கிறது. இன்றைக்கும் லினக்ஸிலும் ஆப்பிள் கணினியிலும் அதே இரண்டு எழுத்துதான்.

எல்எஸ் கட்டளையிலும் ஒளிந்துகொள்ளும் பிள்ளைகள் உண்டு. பெயர் புள்ளியில் தொடங்கினால் எல்எஸ் அதைக் காட்டாது. ஓர் இடைவெளி, ஒரு சிறுகோடு, ஓர் ஏ சேர்த்தால்தான் காட்டும். இது எப்படி வந்தது என்று, பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்த ராப் பைக் எழுதியிருக்கிறார். ஒவ்வொரு ஃபோல்டரிலும், தன்னைக் குறிக்க ஒற்றைப் புள்ளியும் மேலே உள்ள ஃபோல்டரைக் குறிக்க இரட்டைப் புள்ளியும் இருக்கும். பட்டியலில் இந்த இரண்டையும் மட்டும் விட்டுவிட நினைத்தார்கள். ஆனால் சுலபமாக இருக்கட்டும் என்று 'முதல் எழுத்து புள்ளியாக இருந்தால் விட்டுவிடு' என்று எழுதிவிட்டார்கள். அதனால் புள்ளியில் தொடங்கும் எல்லாப் பெயரும் மறைந்துபோயின. யாரோ ஒருவர் அன்றைக்குப் பிடித்த குறுக்குவழி இன்றைக்கு நம் கையிலுள்ள ஆண்ட்ராய்டு போன் வரை வந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் நீங்கள் பார்க்கும் ஸ்டேட்டஸ் படங்கள் போனில் போய் உட்காரும் ஃபோல்டரின் பெயரும் புள்ளியில்தான் தொடங்குகிறது. சாதாரணமாகத் தேடினால் கண்ணில் படாது.

ஒரு பொருள் கண்ணுக்குத் தெரியாததற்கு அது இல்லாமல் போனதுதான் காரணம் என்று நினைக்கவேண்டியதில்லை. கேட்கிற முறையில் கேட்கவில்லை என்பதும் காரணமாக இருக்கலாம். இதைப் பிள்ளைகள் பத்து வயதிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறேன்.

இனி நீங்கள் சொல்லப்போகும் மறுப்புகளுக்கு வருகிறேன்.

"விண்டோவிலேயே மறைந்ததைக் காட்டும் வசதி இருக்கே டீச்சர்" என்பீர்கள். இருக்கிறது. ஆனால் என் பென் டிரைவுக்கு அந்த ஒன்று போதாது. கணினியின் சொந்தப் பொருள் என்று அடையாளம் போட்டதைக் காட்ட இன்னொரு இடத்தில் இன்னொரு குறியை எடுக்க வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று கடைக்காரருக்கே அன்று நினைவுக்கு வரவில்லை. விண்டோஸ் மாறும்போதெல்லாம் மெனுவும் இடம் மாறுகிறது. டிஐஆர் என்ற அந்த மூன்று எழுத்து 1981-லிருந்து மாறவில்லை. இந்த வயதில் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்வதென்றால், அடுத்த ஆண்டும் அப்படியே இருக்கக்கூடியதைக் கற்பதுதானே புத்தி?

"இதெல்லாம் ஐடி வேலைக்குப் போறவங்களுக்கு" என்பீர்கள். வாய்ப்பாடு கணக்காசிரியருக்கு மட்டுமா? 2021-ல் 'தி வெர்ஜ்' என்ற அமெரிக்க இணைய இதழில் ஒரு கட்டுரை வந்தது. 'ஃபைலை எங்கே சேமித்தாய்?' என்று கேட்டால், கேள்வியே புரியாமல் விழிக்கும் கல்லூரி மாணவர்களைப் பற்றிப் பேராசிரியர்கள் அதில் சொல்லியிருந்தார்கள். தேடினால் கிடைத்துவிடுகிறது என்ற பழக்கத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு, ஒரு பொருளுக்கு ஓர் இடம் உண்டு என்ற எண்ணமே உருவாகவில்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் வேறு மாதிரி இல்லை. பொறியியல் படிக்கும் என் பேரனிடம் "அந்தப் படத்தை எங்கப்பா வச்சிருக்க?" என்று கேட்டேன். "போன்ல ஆச்சி" என்றான். ஊர் எது என்று கேட்டால் இந்தியா என்று சொல்வது மாதிரி இருந்தது.

எங்கள் வீட்டுக்காரர் அந்தப் பதிவில் இதைத்தான் சொல்கிறார். கடிதம் பிரிக்கும்போது முகவரியைக் கீழிருந்து மேலே படிப்பார்களாம். முதலில் பின்கோடு, பிறகு ஊர், பிறகு தெரு, கடைசியில்தான் ஆள். ஒவ்வொரு படியிலும் ஒரு அறைக்குள் இன்னொரு அறை. கணினியின் ஃபோல்டர்களும் அதேதான். டிரைவ், அதற்குள் ஃபோல்டர், அதற்குள் இன்னொரு ஃபோல்டர், கடைசியில் ஃபைல். கறுப்புத் திரையில் நீங்கள் எந்த அறையில் நிற்கிறீர்கள் என்று எப்போதும் எழுதியே இருக்கும். அங்கே நின்றுகொண்டு 'இங்கே யார் யார் இருக்கிறீர்கள்?' என்று கேட்பதுதான் டிஐஆரும் எல்எஸ்ஸும்.

"பிள்ளைகள் கறுப்புத் திரையில் கை வைத்தால் கெட்டுவிடும்" என்று ஒரு பயம். இது எனக்கும் இருந்தது. இங்கே ஒரு தவறை ஒப்புக்கொள்ள வேண்டும். கணினிவழிக் கற்றல் என்று எங்கள் நடுநிலைப் பள்ளிக்குக் கணினிகள் வந்த புதிதில், அவற்றைத் துணி போட்டு மூடி வைத்தவர்களில் நானும் ஒருத்தி. குறுந்தகட்டில் உள்ள பாடத்தைப் பிள்ளைகள் பார்க்கலாம், தொடக்கூடாது. ஒரு நாள் ஒரு பையன் எப்படியோ அந்தக் கறுப்புத் திரையைத் திறந்து எதையோ அடித்துக்கொண்டிருந்தான். "கெடுத்துராதடா" என்று காதைத் திருகி வெளியே நிறுத்தினேன். அவன் என்ன அடித்தான் என்று நான் பார்க்கக்கூட இல்லை. இப்போது யோசித்தால், பெரும்பாலும் டிஐஆர்தான் அடித்திருப்பான். அது கேட்கிற கட்டளை. எதையும் அழிக்காது, மாற்றாது, நகர்த்தாது. பிள்ளைகள் பயமில்லாமல் நூறு தடவை அடிக்கலாம். அழிக்கும் கட்டளைகள் வேறு. அவற்றைப் பிறகு, பக்கத்தில் இருந்து சொல்லித்தர வேண்டும். நீச்சல் கற்றுத்தரும்போது முதலில் படியில் உட்காரவைப்பதில்லையா? அந்தப் பையன் இப்போது எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை. இதைப் படித்தால், தம்பி, டீச்சரை மன்னித்துவிடு.

2011-ல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் எங்கள் தெருவிலும் சில வீடுகளுக்கு வந்தது. அதில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. லினக்ஸ் பக்கத்தைத் திறந்த பிள்ளையை நான் பார்க்கவில்லை. சினிமா பார்த்தார்கள். தவறு அவர்களுடையதா? எந்தக் கதவை எப்படித் தட்ட வேண்டும் என்று நாம் சொல்லிக்கொடுக்கவில்லையே!

"எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கே" என்பவர்களுக்கு: மொத்தம் மூன்று எழுத்து. ஃபைல் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம். பழைய கறுப்புத் திரையில் தமிழ்ப் பெயர் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அது திரையின் குறை, ஃபைலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

என்னிடம் படித்தவர்களுக்கு வீட்டுப்பாடம் இல்லாமல் பதிவு முடியாது. மூன்று கணக்கு தருகிறேன்.

ஒன்று. பென் டிரைவ் காலி என்று யார் சொன்னாலும், ஃபார்மட் செய்ய ஒப்புக்கொள்ளும் முன் செலவான இடம் எவ்வளவு என்று பாருங்கள். பிறகு டிஐஆரோடு சாய்கோடும் ஏ எழுத்தும் அடித்துப் பாருங்கள்.

இரண்டு. படங்களை வேறோர் இடத்துக்கு நகல் எடுத்தால், எண்ணிப் பாருங்கள். சுற்றுலா போகும்போது பேருந்தில் ஏறுகையில் உங்களை எண்ணுவேன், திரும்ப ஏறும்போதும் எண்ணுவேன், நினைவிருக்கிறதா? டிஐஆரோடு சாய்கோடு ஏ, இன்னொரு சாய்கோடு எஸ் சேர்த்து அடித்தால், அந்த ஃபோல்டருக்குள்ளே உள்ள ஃபோல்டர்களையும் சேர்த்துச் சொல்லி, கடைசியில் மொத்தம் எத்தனை ஃபைல், எத்தனை பைட் என்று கூட்டிக் காட்டும். பழைய இடத்தில் ஒரு தடவை, புதிய இடத்தில் ஒரு தடவை எடுங்கள். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் எல்லோரும் பேருந்தில் ஏறிவிட்டார்கள்.

மூன்று. அதே வரியின் முடிவில் கணக்கில் வரும் 'பெரியது' குறியைப் போட்டு, ஒரு புதுப் பெயரும் கொடுத்தால், பட்டியல் திரையில் வராமல் அந்தப் பெயரில் ஃபைலாகச் சேர்ந்துவிடும். ஏற்கெனவே இருக்கும் பெயரைக் கொடுக்காதீர்கள், பழையதன் மேல் எழுதிவிடும். என் பென் டிரைவின் பட்டியலை இப்படி எடுத்து, அச்சிட்டு, பீரோவில் வைத்திருக்கிறேன். பள்ளியில் இருப்புப் பதிவேடு வைக்காமல் ஒரு பந்து கூட வாங்க மாட்டோம். வாழ்நாள் முழுக்க எடுத்த படங்களுக்கு ஒரு பட்டியல் இருக்க வேண்டாமா?

ஆசிரியராக இருக்கும் என் மாணவர்கள் ஏழெட்டுப் பேர் இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள். உங்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். அடுத்த கணினி வகுப்பில் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒரு ஃபோல்டரில் பத்து ஃபைல் வையுங்கள், இரண்டை மறைத்து வையுங்கள். "எத்தனை இருக்கு?" என்று கேளுங்கள். எட்டு என்பார்கள். பிறகு அந்த மூன்று எழுத்தோடு சாய்கோடும் ஏ எழுத்தும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்து, பத்தையும் அவர்களே கண்டுபிடிக்க விடுங்கள். கண்டுபிடித்த பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். அந்த முகத்துக்காகத்தானே இந்த வேலைக்கு வந்தோம்.

'தாத்தா வாய்ஸ்' இப்போது மூன்று இடத்தில் இருக்கிறது. மூன்றையும் எண்ணிச் சரிபார்த்துவிட்டேன்.

வீட்டுப்பாடம் செய்தவர்கள் கமெண்டில் 'உள்ளேன் டீச்சர்' என்று போடுங்கள். வராதவர்கள் பெயரைக் குறித்துக்கொள்வேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்